ஏரில் பூட்டிய குதிரை

"தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்காதே" என்று நம் ஊரில் சொல்வார்கள். ரஷ்ய மொழியிலும் இதே பழமொழி இருக்கிறது, மாடு இருக்கும் இடத்தில் குதிரை: பரிசாக வந்த குதிரையின் பல்லை யாரும் பார்ப்பதில்லை. நாம் ஆனைக்கும் அடி சறுக்கும் என்கிற இடத்தில் அவர்கள், குதிரைக்கு நாலு கால் இருக்கிறது, அதுவே தடுக்கி விழுகிறது என்பார்கள். ஊருக்கு ஊர் விலங்கு மாறுவது இயல்புதான். ஆனால் இன்னொரு ரஷ்யப் பழமொழி உண்டு, காவிரிப் பக்கம் பிறந்து வளர்ந்தவர்களை அது கொஞ்சம் நிறுத்தி வைக்கும்: "கிழக் குதிரை உழவுசாலைக் கெடுக்காது." வயதானவரின் கைப்பழக்கத்தை மெச்சிச் சொல்வது. பொருள் புரிகிறது, சரி. ஆனால் குதிரைக்கு உழவுசாலில் என்ன வேலை?

நம் மனதில் குதிரையும் வயலும் சேர்ந்து வருவதே இல்லை. திருவிழாவில் சுவாமி குதிரை வாகனத்தில் புறப்படுவார். ஊர் எல்லையில் ஐயனார் கோயில் முன்னால் சுதைக் குதிரை முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். தஞ்சாவூர்ப் பக்கம் பொய்க்கால் குதிரை ஆடும், ராஜாவும் ராணியுமாக வேஷம் கட்டிக்கொண்டு. சீர்காழிக்குப் பக்கத்தில் திருவாலி திருநகரியில் பங்குனியில் வேடுபறி நடக்கும், திருமங்கை மன்னன் ஆடல்மா என்கிற தன் குதிரையில் வந்து பெருமாளையே வழிமறிக்கிற இரவு அது. எல்லாமே சாமியோ ராஜாவோ ஏறுகிற குதிரைகள். பூம்புகார்த் துறைமுகத்தில் குவிந்த பொருள்களைச் சொல்லும்போது பட்டினப்பாலை முதலில் சொல்வதே "நீரின் வந்த நிமிர்பரிப் புரவி"யைத்தான். அன்றைக்கே அது கப்பலில் வந்து இறங்கிய விலையுயர்ந்த பண்டம். சோழர் காலக் கல்வெட்டுகளில் குதிரைச் செட்டிகள் வருகிறார்கள். மாணிக்கவாசகர் கதை குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய பாண்டியனின் பணத்தில்தான் தொடங்குகிறது. கும்பகோணம், மாயவரம் ஸ்டேஷன் வாசலில் ஜட்கா இழுத்த குதிரைகளை நான் மறக்கவில்லை, கோடியக்கரைக் காட்டில் சுற்றுகிற குதிரைகளையும் மறக்கவில்லை. ஆனாலும் நுகத்தடியில் குதிரையைப் பூட்டி யாரும் உழுது நான் பார்த்ததும் இல்லை, கேட்டதும் இல்லை. அது மாட்டின் வேலை.

நமக்கு மாடும் ஐயனார் குதிரையும் தனித்தனியாகச் செய்கிற வேலைகளை ரஷ்யக் கிராமத்தில் ஒரே விலங்கு செய்தது. காலையில் ஏர் இழுக்கிற அதே உயிர்தான் கதையில் செத்துப்போன அப்பனிடமிருந்து மகனுக்கு வருகிறது, வானத்தில் பறக்கிறது, வேறு உலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறது. அவர்களுடைய நாட்டுப்புறக் கதைகளையும் பழமொழிகளையும் படிக்கப் படிக்க எனக்குப் பிடிபட்ட விஷயம் இதுதான், இந்தப் பதிவு முழுக்க அதைப் பற்றித்தான்.

எங்கள் வீட்டில் அப்பா வாங்கி வைத்த சோவியத் புத்தகங்கள் நிறைய இருந்தன. மாஸ்கோவில் தமிழிலேயே அச்சாகி, நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் மூலம் இங்கே வந்தவை. டெல்டாவில் எத்தனையோ வீடுகளில் அவை இருந்தன, படித்து வளர்ந்தவர்களுக்கு அந்தத் தாளின் வாசனைகூட நினைவிருக்கும். அந்தப் படங்களில் வந்த குதிரைகள்தான் பிற்பாடு என்னை ரஷ்ய மொழியைக் கொஞ்சம் கற்றுக்கொள்ள வைத்தன.

முதலில் வயல் கணக்கு. ரஷ்யாவின் வடக்கும் நடுப்பகுதியும் காட்டை வெட்டித் திருத்திய பூமி. பனி உருகி மண் இளகிய பிறகு உழுது விதைக்கக் கிடைக்கிற நாட்கள் கொஞ்சம், கோடையும் குட்டையானது, அடுத்த உறைபனி வருவதற்குள் அறுத்து வீடு சேர்த்தாக வேண்டும். நமக்கு ஜூன் 12 மேட்டூர் திறந்தால் குறுவை, தவறினால் சம்பா என்று ஒரு வழி இருக்கிறது. அங்கே அந்தச் சில வாரங்களைத் தவறவிட்டால் அந்த வருஷமே போச்சு. காளை நிதானமாக நடக்கும், குதிரை எட்டி நடக்கும், அந்த அவசரத்துக்குக் குதிரைதான் சரி. கலப்பையும் அதற்கேற்ற மாதிரி இலேசான மரக்கலப்பை. சொஹா என்று பெயர். வெட்டிய காட்டின் வேரும் கல்லும் மண்ணுக்குள் கிடக்கிற நிலத்தில், தட்டினால் சட்டென்று தூக்கித் தாண்டிப் போகலாம், ஒரே குதிரை இழுக்கும். தெற்கே உக்ரைன் புல்வெளிப் பக்கம் போனால் கதை வேறு: கனத்த கருப்பு மண், கனத்த கலப்பை, அங்கே நம்மைப் போலக் காளைகள்தான். ஆகவே நான் சொல்வது காட்டு ரஷ்யாவைப் பற்றி.

அந்தக் கிராமங்களில் ஒருவன் ஏழையா இல்லையா என்பதற்குக் குதிரைதான் அளவு. குதிரையில்லாதவன் என்பது அங்கே ஒரு தனிமனிதனின் குறையாக இல்லாமல் ஒரு பிரிவு மக்களின் பெயராகவே ஆகிவிட்டது. 1899ல் ரஷ்ய முதலாளித்துவத்தின் வளர்ச்சியைப் பற்றி லெனின் எழுதிய நூலில், எந்த வீட்டில் குதிரை இல்லை, எதில் ஒன்று, எதில் இரண்டுக்கு மேல் என்று கணக்கெடுப்பு விவரங்களை வைத்தே விவசாயிகள் எப்படிப் பிளந்துபோனார்கள் என்று காட்டுவார். இங்கே ஒரு ஜோடி மாடு வைத்திருந்தவனுக்கும், அடுத்தவன் மாட்டுக்காகக் காத்துக் கிடந்தவனுக்கும் இருந்த தூரத்தை அறிந்தவர்களுக்கு அந்தப் பக்கங்கள் அந்நியமாகத் தெரியாது. குதிரை செத்தால் குடும்பமே சாய்ந்துவிடும். இதை மனதில் வைத்துக்கொண்டால்தான் அவர்கள் பாட்டுகளில் குதிரையைக் கூப்பிடுகிற குரலில் ஏன் அவ்வளவு நெஞ்சு இளகுகிறது என்று புரியும்.

பிலீனா என்று பழைய வீரப் பாடல்கள் உண்டு. 19ம் நூற்றாண்டில் வடக்கே ஒனேகா ஏரிப் பக்கத்துக் கிராமங்களில் இவற்றைப் பாடிக்கொண்டிருந்தவர்களிடமிருந்து ரிப்னிகவ், கில்ஃபெர்டிங் போன்றவர்கள் கேட்டு எழுதி வைத்தார்கள். அதில் எனக்கு உயிரான ஒன்று மிகூலா செலியானினவிச் பாட்டு. வோல்கா என்ற இளவரசன் (நதி இல்லை, ஆள் பெயரே அது) படையோடு கப்பம் வசூலிக்கப் போகிறான். தூரத்தில் யாரோ உழுகிற சத்தம் கேட்கிறது. கலப்பை கிரீச்சிடுகிறது, கொழு கல்லில் உரசுகிறது. சத்தத்தைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள், ஒரு பகல் போய்விட்டது, ஆளைக் காணோம், மறுநாளும் காணோம், மூன்றாம் நாள்தான் உழவனைப் பார்க்கிறார்கள். அவ்வளவு பெரிய வயல், அவ்வளவு பெரிய உழவு. பூட்டியிருப்பது ஒரு வெளிர்மஞ்சள் பெட்டைக் குதிரை. இளவரசன் அவனைக் கூட வரச்சொல்கிறான், அவனும் குதிரையை அவிழ்த்துக்கொண்டு கிளம்புகிறான். கொஞ்ச தூரம் போனதும், கலப்பையை அப்படியே மண்ணில் விட்டுவிட்டேனே, யாராவது போய்ப் பிடுங்கி மண்ணைத் தட்டிப் புதருக்குப் பின்னால் போட்டுவிட்டு வாருங்கள் என்கிறான். ஐந்து வீரர்கள் போகிறார்கள், அசையவில்லை. பத்துப் பேர் போகிறார்கள். கடைசியில் மொத்தப் படையும் போய்ச் சுற்றிச் சுற்றி இழுத்துப் பார்க்கிறது. மிகூலா வந்து ஒரு கையால் தூக்கி வீசுகிறான்.

இதை எங்கள் பெரியப்பாவிடம் ஒரு சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து சொன்னேன். ஏர் மாடு கட்டி உழுத கடைசித் தலைமுறை அவர். "அவனுங்க வாள் புடிச்ச கையிம்மா, மேழி புடிச்ச கை இல்ல. மேழியில கை பழகலன்னா தூக்க வராது" என்றார். நான் படித்த உரைகள் எதுவும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை.

பாட்டு அதோடு முடியவில்லை. அவர்கள் புறப்படுகிறார்கள், உழவனின் பெட்டைக் குதிரை சாதாரணமாக நடக்கிறது, இளவரசனின் போர்க்குதிரை பாய்ந்து ஓடியும் பின்தங்குகிறது. இது மட்டும் ஆண் குதிரையாக இருந்தால் ஐந்நூறு கொடுக்கலாமே என்கிறான் இளவரசன். தாய்மடியில் குட்டியாக இருந்தபோதே ஐந்நூறு கொடுத்துத்தான் வாங்கினேன், ஆணாக இருந்தால் இதற்கு விலையே இருந்திருக்காது என்கிறான் மிகூலா. போர்க்குதிரையை ஏர்க்குதிரை தோற்கடிக்கிற இந்த இடத்தைப் பாடும்போது அந்த ஒனேகாக் குடியானவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

ரஷ்ய மொழியே இந்த இரண்டு முகத்தையும் பேரில் பிரித்து வைத்திருக்கிறது. பாட்டிலும் போரிலும் வருவது கோன், வண்டியும் ஏரும் இழுப்பது லோஷத். சதுரங்கத்தில் நாம் குதிரை என்கிற காய் அவர்களுக்கும் கோன்தான். ஆனால் பழமொழிகளுக்குள் போய்விட்டால் இந்தப் பிரிவு அவ்வளவு கறாராக இல்லை, மேலே சொன்ன உழவுசால் பழமொழியில் வருவதே கோன்தான். நாம் மாடு மாதிரி உழைக்கிறான் என்பதை அவர்கள் குதிரை மாதிரி உழைக்கிறான் என்பார்கள். எவ்வளவு தின்றும் உடம்பு தேறாதவனையும், எவ்வளவு சொல்லிக் கொடுத்தும் ஏறாதவனையும் பார்த்து, இந்தக் குதிரைக்கு இந்தத் தீனி சேரவில்லை என்பார்கள். வேலை இன்னும் தொடங்கவே இல்லை என்பதற்கு, இன்னும் குதிரையே புரளவில்லை என்று ஒன்று உண்டு. குதிரையை ஏரில் பூட்டுமுன் தரையில் புரள விடுவார்களாம், அதுகூட இன்னும் ஆகவில்லை என்று விளக்கம் சொல்கிறார்கள். ஆற்றைக் கடக்கும்போது குதிரையை மாற்றாதே என்பதையும் அடிக்கடி கேட்கலாம், அரசியல் பேச்சில் குறிப்பாக. நம்முடைய மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்கின கதையோடு இதை வைத்துப் பார்த்தால், அவர்கள் நம்பி இறங்கிய குதிரை உயிருள்ளது.

இனி அந்தப் பக்கம், அதாவது ஐயனார் பக்கம்.

சிவ்கா பூர்கா என்கிற குதிரையின் கதை. ஒரு கிழவருக்கு மூன்று மகன்கள், கடைசிப் பையன் இவானை எல்லோரும் மக்கு என்கிறார்கள், அடுப்பு மேல் படுத்தே கிடப்பான். அப்பா சாகும் தறுவாயில், நான் போனபிறகு மூன்று ராத்திரி என் சமாதிக்கு வாருங்கள், ரொட்டி கொண்டுவாருங்கள் என்கிறார். ஆளுக்கு ஒரு ராத்திரி. மூத்தவனுக்குப் பயம், நடுவனுக்குச் சோம்பல், இரண்டு பேரும் தம்பியையே அனுப்பிவிடுகிறார்கள். இவான் மூன்று ராத்திரியும் போய் உட்காருகிறான். நடுராத்திரியில் மண் பிளக்கிறது, அப்பா எழுந்துவந்து மகன் கொண்டுவந்த ரொட்டியைத் தின்கிறார். மூன்றாம் ராத்திரி தன் குதிரையை அவனுக்குக் கொடுத்துவிட்டு, அவனுக்குச் சேவை செய் என்று அதனிடமும் சொல்லிவிட்டு, மறுபடி குழிக்குள் படுத்துக்கொள்கிறார். பூமி அதிர ஓடிவரும் குதிரை, காதில் புகை, மூக்கில் நெருப்பு. புல்லுக்கு முன்னால் இலை நிற்பதுபோல என் முன்னால் வந்து நில் என்று கூப்பிட்டால் வரும். இவான் அதன் ஒரு காதுக்குள் நுழைந்து மறு காது வழியாக வெளியே வருகிறான், வரும்போது கண்கொள்ளாத அழகன். அதன்மேல் ஏறித்தான் உயர மாடத்தில் உட்கார்ந்திருக்கும் இளவரசியைத் தாவி எட்டுகிறான்.

அப்பாவுக்கு ரொட்டி கொண்டுபோகிற இடத்தில் நான் ரொம்ப நேரம் நின்றேன். ஆடி அமாவாசைக்குக் காவிரிக் கரையில் பிண்டம் வைக்கிற ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். செத்தவருக்குச் சோறு போட்டவனுக்குத்தான் குதிரை. அது பரிசு என்பதைவிட, குலத்தின் சொத்து, முன்னோரின் துணை. விளாதிமீர் ப்ரோப் என்ற அறிஞர் 1946ல் மாயக் கதைகளின் வரலாற்று வேர்களைப் பற்றி எழுதிய நூலில் இந்தக் குதிரையைப் பற்றி விரிவாகப் பேசுகிறார். உயிரோடிருப்பவரின் உலகத்துக்கும் இறந்தவரின் உலகத்துக்கும் நடுவில் ஆளை ஏற்றிச் செல்கிற உயிர் அது என்பது அவர் வாதம். எனக்கு அவர் சொல்வது சரியென்றே படுகிறது. நம் ஐயனாரும் இரவில் குதிரையேறி எல்லை சுற்றுகிறார் என்றுதானே சொல்லி வளர்த்தார்கள். எல்லை என்றால் ஊரெல்லை மட்டும் இல்லை, அதைத் தாண்டினால் சுடுகாடும் காடும். அந்த விளிம்பில் நிற்கிற விலங்காகக் குதிரையை நாமும் வைத்தோம், அவர்களும் வைத்தார்கள். வித்தியாசம் என்னவென்றால், அவர்களுடைய விளிம்புக் குதிரை விடிந்தால் கொட்டிலுக்குத் திரும்பி ஏர் இழுக்கப் போகும்.

மரணத்தோடு குதிரை ஒட்டிக்கொண்டிருப்பதற்கு இதைவிடப் பழைய சான்று ஓலெக் கதை. பண்டைய ரஷ்ய நாளாகமத்தில் 912ம் ஆண்டுக் குறிப்பில் வருகிறது. நீ ஆசையாக ஏறுகிற குதிரையால்தான் உனக்குச் சாவு என்று கீவ் அரசன் ஓலெக்கிடம் குறிசொல்பவர்கள் சொல்கிறார்கள். நல்ல தீனி போட்டு வளருங்கள், என் கண்ணில் மட்டும் காட்டாதீர்கள் என்று அனுப்பிவிடுகிறான். சில ஆண்டு கழித்து நினைவு வந்து விசாரித்தால் குதிரை எப்போதோ செத்துவிட்டது. குறி பொய்த்தது என்று சிரித்துக்கொண்டே எலும்பைப் பார்க்கப் போய், இந்த மண்டையோட்டாலா எனக்குச் சாவு என்று காலை அதன்மேல் வைக்கிறான். உள்ளேயிருந்து பாம்பு வந்து கடிக்கிறது. புஷ்கின் 1822ல் இதைக் கவிதையாக்கினார், ரஷ்யப் பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். விதியை மதியால் வெல்லப் பார்த்த கதை என்று நாம் சுலபமாக வாங்கிக்கொள்வோம். எனக்கு மனதில் நிற்பது அதில்லை. துணையாக இருந்த குதிரையை அவன் தள்ளி வைத்தான், அது செத்த செய்திகூட அவனுக்குத் தெரியவில்லை.

கதைகளில் நல்ல குதிரை பார்க்க நன்றாக இருக்காது, இதையும் கவனித்தேன். மரியா மொரேவ்னா கதையில் இவான் பாபா யாகா என்கிற சூனியக் கிழவியிடம் மூன்று நாள் குதிரை மேய்த்து, கடைசியில் சாணிக் குவியலில் புரண்டுகொண்டிருக்கும் சொறிபிடித்த ஒரு குட்டியைத் திருடிக்கொண்டு போகிறான். கஷ்சேய் என்கிற சாகாத அரக்கனை மிஞ்ச அந்தக் குட்டியால்தான் முடிகிறது. அதே கதையில் இன்னொரு இடம். இவான் தன் மனைவியைக் கூட்டிக்கொண்டு தப்பி ஓடுகிறான். பிடிக்க முடியுமா என்று கஷ்சேய் தன் குதிரையைக் கேட்கிறான். அது சொல்கிறது: கோதுமை விதைத்து, அது வளரும்வரை காத்திருந்து, அறுத்து, அடித்து, மாவாக்கி, ஐந்து அடுப்பு ரொட்டி சுட்டு, அத்தனையும் தின்று முடித்துவிட்டுக் கிளம்பினாலும் பிடித்துவிடலாம்.

பெரியப்பாவுக்கு இதையும் சொன்னேன். "ஏம்மா, கோதுமை எத்தனை நாள் பயிரு?" 

"நாலு மாசம்னு வைங்க பெரியப்பா." 

"குறுவைய விடக் கூடவா ஆவுது. அதுக்கப்புறமும் போய்ப் புடிச்சிடுமா!" என்று தொடையைத் தட்டினார். 

வேகத்தைச் சொல்ல மின்னலையும் காற்றையும் தேடாமல், ஒரு போக விளைச்சலை வைத்து அளக்கிற குதிரை அது. வயலை அறிந்த குதிரை மட்டும்தான் அப்படிப் பேசும்.

கூனல் குட்டிக் குதிரையைத் தமிழ்ப் பிள்ளைகளில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1834ல் பியோத்தர் யெர்ஷோவ் எழுதிய செய்யுள் கதை, அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது, சைபீரியாவிலிருந்து வந்து பீட்டர்ஸ்பர்கில் படித்துக்கொண்டிருந்த பையன். அதுவும் வயலில்தான் தொடங்குகிறது: யாரோ ராத்திரியில் புகுந்து கோதுமைப் பயிரை மிதித்து நாசம் செய்கிறார்கள், மூன்று மகன்களும் முறை வைத்துக் காவலுக்குப் போகிறார்கள். கடைசிப் பையன் இவான் ஒரு வெள்ளைப் பெட்டைக் குதிரையைப் பிடிக்கிறான். அது இரண்டு அழகான குதிரைகளையும், இரண்டு திமிலும் நீளக் காதுமாக ஒரு குள்ளக் குட்டியையும் அவனுக்குத் தருகிறது. மற்ற இரண்டையும் விற்றுக்கொள், இந்தக் குட்டியை மட்டும் எதற்காகவும் விடாதே என்கிறது. மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

வாசிலிசா கதையில் காட்டுவழியில் கடந்து போகிற மூன்று குதிரைவீரர்களை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன்: வெள்ளை ஆள் பகல், சிவப்பு ஆள் சூரியன், கருப்பு ஆள் ராத்திரி. பீட்டர்ஸ்பர்கில் நிற்கிற பீட்டர் அரசனின் வெண்கலக் குதிரையும், எழுத்தாளர் கோகலின் மூன்று குதிரை வண்டியும் நாட்டையே குதிரையாகப் பார்க்கிற இன்னொரு பெரிய பேச்சு, அதை இங்கே இழுக்கவில்லை. எனக்கு வீட்டுக் குதிரைதான் முக்கியம்.

வீடு என்றால் வீட்டின் உச்சியிலேயே. வடக்கு ரஷ்யாவின் மரவீடுகளில் கூரையின் உச்சி விட்டத்தை ஒரே மரத்தில் செதுக்கி, முன்முனையைக் குதிரைத் தலையாக முடிப்பார்கள். அந்த உச்சிக்கே இன்றைக்கும் குட்டிக் குதிரை என்றுதான் பெயர். கூரையில் குதிரை இருந்தால் வீட்டில் அமைதி என்று பழமொழியும் உண்டு. நோவ்கரத் என்கிற பழைய நகரத்தின் அகழாய்வில் பழைய வீடுகளின் அடித்தளத்தில் குதிரை மண்டையோடுகள் கிடைத்திருக்கின்றன, அதாவது வீட்டுக்கு மேலேயும் காவல், கீழேயும் காவல். கவிஞர் யெசெனின் 1918ல் எழுதிய கட்டுரை ஒன்றில், எல்லா நாட்டுப் புராணத்திலும் குதிரை இருக்கிறது, அதைத் தூக்கித் தன் கூரைமேல் வைத்துக் குடிசையையே தேராக்கியவன் ரஷ்யக் குடியானவன் ஒருவன்தான் என்கிற பொருளில் பெருமையாகச் சொல்கிறார். அவரைத் தாராசுரத்துக்குக் கூட்டி வந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். 12ம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜராஜன் எழுப்பிய கோயிலின் முன்மண்டபத்துக்குச் சக்கரமும் பாயும் குதிரையும் வைத்துக் கல்லைத் தேராக்கிவிட்டார்கள் நம் சிற்பிகள். ஆனால் அது இறைவனின் வீடு. தான் பிள்ளைகுட்டியோடு படுத்துத் தூங்குகிற வீட்டைத் தேராக்கியவன் அந்தக் குடியானவன். அந்த அளவில் யெசெனின் சொன்னதற்கு நான் தலையாட்டுகிறேன்.

கொட்டிலுக்குள் வந்தால் அங்கே தமவோய் இருக்கிறது, வீட்டுக் காவல் பூதம். அதற்குப் பிடித்த குதிரையின் பிடரியை ராத்திரியில் பின்னிவிடும், நிறம் பிடிக்காத குதிரை என்றால் விடிய விடிய அலைக்கழித்து இளைக்க வைத்துவிடும் என்று நம்பினார்கள். புதிதாக மாடு வாங்கும்போது சுழி பார்த்து வாங்குகிற நமக்கு இந்தக் கவலை நன்றாகவே தெரியும்.

அப்புறம் ஃப்ரோல், லாவர் திருநாள். குதிரைகளைக் காக்கும் புனிதர்கள் என்று ரஷ்யக் குடியானவர்கள் நம்பிய இரண்டு பேர், பழைய நாட்காட்டியில் ஆகஸ்ட் 18, இன்றைய கணக்கில் 31. அன்றைக்குக் குதிரைக்கு வேலை கிடையாது. ஆற்றில் குளிப்பாட்டி, பிடரியில் ரிப்பன் கட்டி, கோயிலுக்கு ஓட்டிக்கொண்டு போவார்கள், பாதிரியார் தீர்த்தம் தெளிப்பார். இதைப் படிக்கும்போது மாட்டுப் பொங்கல் அன்றைக்கு வாய்க்காலில் மாடு கழுவுகிற சத்தம் என் காதில் விழுந்தது. கொம்புக்கு வர்ணம், கழுத்துக்கு நெட்டி மாலை, பொங்கலோ பொங்கல். விலங்குதான் வேறு, கும்பிடுகிற கை ஒரே கை.

இவ்வளவு வணங்கியவர்கள் குதிரையை அடிக்கவும் செய்தார்கள், அதை ரஷ்ய எழுத்தாளர்கள் மறைக்கவே இல்லை. தஸ்தயேவ்ஸ்கியின் 1866 நாவலான 'குற்றமும் தண்டனையும்' நூலில் நாயகன் ரஸ்கோல்னிகவ் காணும் கனவில் குடிகாரர்கள் ஒரு நோஞ்சான் குதிரையை அடித்தே கொல்கிறார்கள். அந்தப் பக்கங்களை இரண்டாம் முறை படிக்க என்னால் முடியவில்லை. செகாவின் 1886 கதையில் மகனைப் பறிகொடுத்த வண்டிக்காரக் கிழவர் சவாரி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லப் பார்க்கிறார், யாரும் காது கொடுப்பதில்லை, கடைசியில் லாயத்துக்குப் போய்த் தன் குதிரையிடம் எல்லாவற்றையும் சொல்கிறார். மயகோவ்ஸ்கி 1918ல் எழுதிய கவிதையில் தெருவில் வழுக்கி விழுந்த குதிரையைச் சுற்றிக் கூட்டம் சிரிக்கிறது, கவிஞர் ஒருவர்தான் பக்கத்தில் போய், நாம் எல்லோருமே கொஞ்சம் கொஞ்சம் குதிரைகள்தான் என்கிறார். கதையில் பேசிய குதிரையை நாவலும் கவிதையும் கேட்கிற குதிரையாக, அழுகிற குதிரையாக மாற்றின என்று சொல்லலாம்.

1920ல் யெசெனின் ரயிலில் போய்க்கொண்டிருந்தபோது ஒரு குதிரைக்குட்டி ரயிலோடு போட்டி போட்டுக்கொண்டு வெகுதூரம் ஓடி வந்ததாம். அதை வைத்து இறந்தவருக்குச் செய்கிற நாற்பது நாள் வேண்டுதலின் பெயரில் ஒரு கவிதை எழுதினார். உயிருள்ள குதிரைகளை இரும்புக் குதிரைப்படை தோற்கடித்துவிட்டது என்பது இந்த அசட்டுச் செல்லத்துக்குத் தெரியவில்லையே, எங்கே ஓடுகிறது என்று கேட்கிறார். நம் ஊரில் பவர் டில்லரும் டிராக்டரும் வந்து ஏர்மாடுகளை லாரியில் ஏற்றி அனுப்பிய காலத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெரியப்பா வீட்டில் நுகத்தடி பரணில் கிடக்கிறது, மாடு இல்லை. அந்தக் கவிதையை நேராக ரஷ்யத்திலிருந்து தமிழில் செய்துகொண்டிருக்கிறேன், பாதி முடிந்திருக்கிறது, முடிந்ததும் இங்கே போடுகிறேன். உங்கள் ஊர் ஐயனார் கோயில் குதிரையைப் பற்றிச் சொல்லப்படும் கதை ஏதாவது தெரிந்தால் எழுதுங்கள், குறிப்பாக மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பக்கத்துக்காரர்கள். அது யாருடைய வேண்டுதலில் வந்தது, ராத்திரி அது எந்த வழியாகப் போகும் என்று பெரியவர்கள் சொல்வார்கள் என்பதெல்லாம் எனக்கு வேண்டும்.